ஒட்டுப்போர்வை தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை விட்டு வந்து குடியேறிய குடும்பங்களின் வீடுகளில், கூடத்து மூலையிலோ சன்னலோரத்திலோ துணி போர்த்திய தையல் இயந்திரம் ஒன்றை இன்றும் பார்க்கலாம். ரப்பர் பால்மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்து, லயங்கள் காலியானபோது, தட்டுமுட்டுச் சாமான்களில் பாதியைக் கழித்துவிட்டு வந்தவர்கள்கூட அந்த இயந்திரத்தை மட்டும் விடாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகோ, தாங்களே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகோ, பெண்கள் பலர் அதன் தூசியைத் தட்டி மறுபடியும் தைக்கத் தொடங்குகிறார்கள். தொடங்கிய வேகத்தில் நிறுத்தியும் விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "எனக்குக் கை வரலை" என்பார்கள். சனிக்கிழமை மதியங்களில் என் வீட்டுக்குத் தைக்க வரும் பெண்களோடு பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். கை வராதவர் என்று ஒருவரையும் நான் கண்டதில்லை. தையலின் இன்பத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் ஊசி துணியில் இறங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும் தவறுகள்தாம்.

பழைய கைலி, சேலை, சட்டைத் துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வையை வைத்தே இதைச் சொல்லப் பார்க்கிறேன், ஏனென்றால் மற்ற உருப்படிகளில் ஒளிந்துகொள்ளும் குறைகள் எல்லாம் அதில் வெளியே வந்துவிடும். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா என்கிறார்கள். மலாய்க்காரர்களிடம் 'தம்பால் செரிபு', அதாவது ஆயிரம் ஒட்டு, என்ற பெயரில் துண்டுத்துணி வேலை உண்டு. நம் தோட்டத்துப் பாட்டிகள் பெயர் எதுவும் வைக்காமலேயே அந்த வேலையைச் செய்தார்கள். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக்கொட்டகைக்குப் பிள்ளையோடு கொடுத்தனுப்பிய விரிப்பில் அப்பாவின் கைலியும் அம்மாவின் சேலையும் அடுத்தடுத்து இருந்தன.

மூன்று வீடு தள்ளியிருக்கும் அக்கா ஒருவர், மறைந்த தம் கணவரின் ஐந்து கைலிகளை வெட்டிப் போர்வை தைத்தார். கைலிக் கட்டங்களுக்கு இடையே எடுப்பாக இருக்கட்டும் என்று கடையில் புதிதாகச் சிவப்புப் பருத்தித் துணியும் வெள்ளைத் துணியும் வாங்கி, அப்படியே வெட்டிச் சேர்த்துவிட்டார். நான்கு மாத வேலை அது. முதல் முறை துவைத்த அன்று, நனைந்த போர்வையை வாளியோடு தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்து, "தங்கச்சி, இதைப் பாரேன்" என்றவர் அதற்கு மேல் பேசவில்லை. சிவப்புச் சாயம் வெள்ளைக் கட்டங்களில் இறங்கியிருந்தது. அதோடு, புதுத்துணி சுருங்கிவிட, நூறு முறை துவைத்துச் சுருங்கி முடிந்திருந்த கைலித்துணி சுருங்காமல் நிற்க, போர்வை முழுவதும் அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

புதிய பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கக்கூடியது. ஒரு மீட்டர் துணியில் 3 முதல் 5 சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே பழைய துணியோடு சேரப்போகும் புதுத்துணியை, போர்வையை எப்படித் துவைப்போமோ அப்படியே துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். சாயம் போகுமா என்று பார்க்க, உள்ளங்கையளவு துண்டு ஒன்றை வெள்ளைக் கிண்ணத்துச் சுடுநீரில் அரை மணி நேரம் போட்டு வைத்தால் போதும். தண்ணீர் நிறம் மாறினால், நிறம் மாறாத வரையில் அந்தத் துணியை அலசிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது ஒதுக்கிவிட வேண்டும். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் துணிக்கும், திருவிழாக் காலத்தில் மலிவாகக் கிடைக்கும் அடர்நிறத் துணிக்கும் இந்தச் சோதனை கட்டாயம்.

வினிகரிலோ உப்பு நீரிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் பலரும் நம்புகிறார்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயங்களைப் பொறுத்தவரையில் வினிகருக்கு வேலை உண்டு. சாயமேற்றும் நேரத்தில் பருத்தி சாயத்தை உறிஞ்ச உப்பும் உதவுகிறது. ஆனால் சாயம் ஏற்றி முடித்துக் கடைக்கு வந்துவிட்ட பருத்தித் துணியில், ஒட்டாமல் நிற்கும் சாயத்தை இந்த இரண்டுமே பிடித்து வைக்க மாட்டா. மிகுதிச் சாயத்தை வெளியேற்றுவது ஒன்றே வழி. அக்காவின் போர்வைக்கும் அதையே செய்தோம். சாயம் இறங்கிய துணியை உலர விடுவதும் அதன்மேல் இஸ்திரி வைப்பதும்தான் அடுத்துச் செய்யும் பெருந்தவறு. உலர்ந்தபின் அதை எடுப்பது மிகக் கடினம். ஈரம் காயும் முன் பெரிய தொட்டி நிறையச் சுடுநீரில் சலவைத்தூள் கரைத்துப் போர்வையை அமிழ்த்தி இரவு முழுதும் விட்டோம். காலையில் தண்ணீர் ரோஜாநிறமாக இருந்தது. மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகு, ஒரே ஒரு கட்டத்தைத் தவிர மற்றவை வெளுத்துவிட்டன.

பழைய துணியிலும் எல்லா இடமும் ஒன்றாக இருக்காது. கைலியைப் பிரித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளத் துணி கிடைக்கும். உட்காரும் இடத்தில் நைந்தும், கரையோரத்தில் புதிது போலவும் இருக்கும். வெட்டும் முன் சன்னல் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல்கள் விலகி வெளிச்சம் வலைபோல் தெரியும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்து விலக்கிவிடுங்கள். நைந்த துணியை வலுவான புதுத்துணியோடு சேர்த்துத் தைத்தால், தையலை ஒட்டியே நைந்த பக்கம் கிழியும், அதற்கு எந்த நூலும் உதவாது. துணியின் போக்கையும் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். நீளவாட்டில் பாவு நூல் ஓடும் திசையில் துணி மிகக் குறைவாகவும், அகலவாட்டில் ஊடை நூலின் திசையில் சற்றே கூடுதலாகவும், இரண்டுக்கும் குறுக்கே மூலைவாட்டில் ரப்பர் போலவும் இழுபடும். துண்டை மிச்சம் பிடிக்க எண்ணிக் கோணலாக வெட்டினால், அந்தச் சதுரம் தைக்கும்போதே சதுரமாக இராது.

அளவுக் கணக்கில் அலட்சியமே மிகுதி. ஒட்டுவேலையில் தையலுக்கென்று ஓரத்தில் விடும் துணி வழக்கமாகக் கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடினால் என்ன என்று தோன்றும். ஒரு தையலில் இரண்டு துண்டுகள் சேர்கின்றன. ஆகவே ஒரு மில்லிமீட்டர் பிசகு ஒவ்வொரு தையலிலும் இரண்டு மில்லிமீட்டராகிவிடும். ஒன்பது சதுரங்கள் கொண்ட வரிசையில் எட்டுத் தையல்கள். வரிசை 16 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அடுத்த வரிசையை வேறொரு நாளில், வேறு கவனத்தில் தைத்திருந்தால், இரண்டின் மூலைகளும் சேரவே சேரா. இழுத்துச் சேர்க்கப் போய்த் துணி சுருங்கும், பெண்கள் தங்கள் கையை நொந்துகொள்வார்கள். ஊசியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி, இயந்திரத்தின் தட்டில் ஒட்டுநாடாவை நான்கைந்து மடிப்பாக ஒட்டி வையுங்கள். துணியின் ஓரம் அந்தத் திட்டைத் தொட்டபடியே ஓடட்டும். சரிபார்க்க, 5 சென்டிமீட்டர் அகலப் பட்டைகள் மூன்றை அடுத்தடுத்துத் தைத்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள், சரியாக 3.8 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை பல வாரத் தையலைப் பிரிக்கும் வேலையை மிச்சப்படுத்தும்.

இனி இயந்திரம். துணியின் அடிப்பக்கத்தில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால், அடிநூல் சுற்றிய பாபினில்தான் கோளாறு என்று எல்லாரும் அடிநூலைத் திருகத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்தும் பாதம் இறங்கியிருக்கும்போது நூலை இறுக்கும் தட்டுகள் மூடிக்கொள்கின்றன. அந்த நிலையில் நூல் கோத்தால் அது தட்டுகளுக்கு இடையே நுழையாமல் மேலாகவே கிடக்கும், இறுக்கமே இல்லாமல் அடிப்பக்கம் வழியும். பாதத்தைத் தூக்கிவைத்து, மேல்நூலை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடியும் கோத்துப் பார்த்த பிறகே வேறெதையும் தொட வேண்டும்.

ஊசியை முறியும் வரை மாற்றாதிருப்பது நம்மிடையே பரவலான பழக்கம். ஏறத்தாழ 8 மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று கணக்கு வைப்பது நல்லது. துணியைக் குத்தும்போது 'டப் டப்' என்று சத்தம் கேட்டால் முனை மழுங்கிவிட்டது என்று பொருள். ஊசிப்பெட்டியில் 80/12 என்று எழுதியிருந்தால், ஊசித்தண்டின் குறுக்களவு 0.80 மில்லிமீட்டர் என்பதை 80 குறிக்கும். கைலி, சட்டைத் துணிக்கு அது போதும். மெல்லிய துணிக்கு 70, ஜீன்ஸ் துணிக்கு 100. பனியன் வகைத் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாக உண்டு. ஊசியின் நீண்ட பள்ளம், நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதில் நுழைகிறதோ அந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் ஒரு தையல்கூட விழாது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கப்பட்ட மிதி இயந்திரங்களில் எத்தனைக்கு இது மட்டுமே குறையாக இருந்ததோ என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் வரும். அம்மாவின் கறுப்பு சிங்கரைத் தூக்கிப் போடும் முன், புது ஊசி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 15×1 என்றும் 130/705 எச் என்றும் குறித்து இன்றைக்கு விற்கும் அதே ஊசிகள்தாம் அந்தப் பழைய இயந்திரங்களில் பலவற்றுக்கும் பொருந்துகின்றன.

அந்த இயந்திரங்களுக்குத் தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் விடுவது இன்னொரு தவறு. நாளடைவில் அவை நூல்தூசியோடு கலந்து பிசினாக இறுகி, சக்கரத்தையே நிறுத்திவிடும். தையல் இயந்திரத்திற்கென்று விற்கும் தெளிந்த எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட்டு, வீண் துணியில் சற்றுத் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் நல்ல துணியை வைக்க வேண்டும்.

ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் இஸ்திரி போட வேண்டும். ஆனால் சட்டைக்குத் தேய்ப்பதுபோல் இழுத்துத் தேய்க்கக் கூடாது. பெட்டியை வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

போர்வையின் நடுவில் தடித்த செயற்கைப் பஞ்சு வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது குளிர் நாட்டுப் படங்களைப் பார்த்து வந்த ஆசை. பேராக்கின் புழுக்கத்தில் அந்தப் போர்வை அலமாரியை விட்டு வெளியே வராது, மழைக்காலத்தில் துவைத்தால் எளிதில் உலரவும் உலராது. பழைய பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக மடித்து நடுவில் வைத்தால், விசிறிக்கடியில் படுத்துப் போர்த்தும் அளவுக்குப் போர்வை இதமாக இருக்கும். மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, உள்ளங்கை அகலத்திற்கு ஒரு குண்டூசியாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும்.

மனத்தில் செய்யும் தவறுகளும் உண்டு. முதல் உருப்படியாகவே இரட்டைக் கட்டில் போர்வையைத் தொடங்குவது அவற்றில் பெரியது. தலையணை உறை, சந்தைக்குக் கொண்டு போகும் பை, சாப்பாட்டு மேசை விரிப்பு இவற்றில் ஒன்றை ஒரே வாரத்தில் முடித்து, அது வீட்டில் புழங்குவதைக் கண்ணால் பார்த்தவர்களே அடுத்ததற்குத் துணி எடுக்கிறார்கள். இரவு சோர்வோடு உட்கார்ந்து பிசகிய தையலைப் பிரிக்காதீர்கள். கத்தரி துணியைக் கிழிப்பது அந்த நேரத்தில்தான். ஊசியைத் துணியிலேயே இறக்கிவைத்துவிட்டு எழுந்துவிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம். முதல் பையைப் பார்த்த உறவினர்கள், "எனக்கும் ஒன்று தைத்துக் கொடேன், காசு கொடுத்துவிடுகிறேன்" என்பார்கள். தைத்துச் சம்பாதிப்பதில் குறையேதும் இல்லை, நம் பட்டணத்தில் தீபாவளித் தையலால் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களை நான் அறிவேன். ஆயினும் கற்கும் முதல் ஆண்டில் தவணைநாள் ஒன்று வந்து சேர்ந்தால், தையல் கடனாகிவிடும். ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொன்றை வைத்து வைத்துப் பார்க்கும் அந்த அரை மணி நேரம் முதலில் பறிபோகும். இன்பம் முழுதும் அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் துணி கிடைக்காமல் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிய தலைமுறையின் பிள்ளைகள் நம் தாய்மார்கள். அவர்கள் ஒரு கந்தலையும் வீசாததற்குக் காரணம் இருந்தது. நாமோ, தையற்கடை வெட்டுத்துண்டுகளையும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய மீட்டர் துணிகளையும், எப்போதாவது தைப்போம் என்று பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைக்கிறோம். நம் ஈரக்காற்றில் காற்றுப்புகாத பைக்குள் துணி பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளி சாயத்தைவிட மோசமானது. பருத்திப் பையிலோ பழைய தலையணை உறையிலோ போட்டு, இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறி நிழலில் காற்றாட விடுங்கள். ஓர் ஆண்டில் தொடாத துணியைத் தைக்கும் வேறொருவரிடம் கொடுத்துவிடலாம்.

தைத்து முடித்த போர்வையையும் அப்படியே பூட்டி வைக்கிறார்கள், அழுக்காகிவிடும் என்று. அக்கா அப்படிச் செய்யவில்லை. அலைபோல் தூக்கியிருந்த இடங்களில் தையலைப் பிரித்து, இப்போது சுருங்கி முடிந்துவிட்ட துண்டுகளை அளந்து மறுபடியும் சேர்த்தார். அதற்கு இன்னும் ஆறு வாரம் ஆயிற்று. வெளுக்காத அந்த ஒரு கட்டத்தை மாற்றவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். பேரன் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறான். வாரம் ஒருமுறை துவைத்து, வெயில் நேராகப் படாத பின்கட்டுக் கொடியில் காயப்போடுகிறார். வேலிக்கு இப்பாலிருந்து பார்த்தால், நீலக் கட்டங்களுக்கு நடுவே அந்த ரோஜாநிறச் சதுரம் தெரியும்.