படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும்போது நாம் செய்யும் தவறுகள்

படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவை யாரும் வேண்டுமென்றே அவமானப்படுத்துவதில்லை. வேலை முடிந்தால் போதும் என்ற அவசரத்தில்தான் அது நடக்கிறது.

பெரிய தவறு, அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவது. பார்க்க வந்த உறவினர் கட்டிலருகே நின்று, "மோஷன் ஒழுங்கா போறாரா?" என்று மகளிடம் கேட்பார். மகளும் விலாவாரியாகச் சொல்வார். பக்கவாதத்தில் பேச்சு இழந்த பலருக்குப் பிறர் பேசுவது புரியும், பதில்தான் வராது. கண்ணசைத்தோ கையை அழுத்தியோ 'ஆமாம், இல்லை' சொல்லும்படி அவரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம், டயப்பர். கைத்தாங்கலாகக் கூட்டிப்போனால் பாத்ரூம் போகக்கூடியவரிடம் "அதுலயே போயிடுங்க" என்கிறோம். இது நம் வசதிக்காக மட்டுமே. கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இரவில் எழுப்பாமலிருக்கத் தண்ணீரைக் குறைப்பது இன்னும் மோசம்: மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வரை போகலாம்.

டயப்பர் மாற்றியே ஆகவேண்டும் என்றால் கதவைச் சாத்துங்கள். கட்டில் ஹாலில் இருந்தால் பழைய வேட்டி ஒன்றைக் கயிற்றில் போட்டுத் திரையாக்கலாம். துடைக்கிற இடம் தவிர மற்றதைப் போர்த்தி வையுங்கள். தொடுவதற்கு முன் "இப்போ திருப்பப் போறேன்பா" என்று சொல்லுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வார்கள். அத்தனை முறையும் சொல்லாமல் கொள்ளாமல் உங்களை ஒருவர் புரட்டினால் எப்படியிருக்கும்?

அவர் இருக்கும் கோலத்திலேயே அவரை வீடியோ காலில் காட்டாதீர்கள். துபாயில் இருக்கும் பேரனுக்குப் பாசம் இருக்கலாம், ஆனால் சட்டை போட்டு, பல்செட் வைத்து, "பேசலாமா?" என்று கேட்டபிறகு காட்டலாமே.

பார்த்துக்கொள்ள வரும் ஆளையும் மறந்துவிடுகிறோம். அப்பாவின் மலத்தை அள்ளுகிறவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இதைத் தவறு என்று மட்டும் சொல்வது குறைவு.

வீட்டுப் பெண் ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால், தூக்கமில்லாத எரிச்சல் நோயாளிமேல்தான் விழும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சைக்கும் பிசியோதெரபிக்கும் வீட்டுக்கே வருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருகிறவரிடம், வலிக்காமல் திருப்புவது எப்படி என்பதை வீட்டு ஆண்களும் கற்றுக்கொள்ளலாம்.