மரத்தில் செதுக்கிய கேன்வாஸ்பேக் வாத்து: குளிர்காலத்தில் டிகாய் செய்வது எப்படி

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் வாத்து வேட்டை சீசன் ஜனவரியோடு முடிந்துவிடும். அப்புறம் செசபீக் விரிகுடா பக்கத்து வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு உள்ளே வைத்துவிட்டு, கராஜில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மரம் செதுக்க உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த சீசனுக்கான டிகாய் தயாராவது இந்தக் குளிர் மாதங்களில்தான். டிகாய் என்றால் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்து. மேலே பறக்கிற கூட்டம் அதைப் பார்த்துத் தன் இனம் என்று நம்பி இறங்கும். பழந்தமிழில் இதற்கு 'பார்வை' என்றே ஒரு சொல் உண்டு. வேடர்கள் காட்டு மானை வரவழைக்கக் கட்டி வைக்கும் பழகிய மான், பார்வை மான். செசபீக்கிலும் ஒரு காலத்தில் உயிருள்ள வாத்தைக் கட்டி வைத்து வேட்டையாடினார்கள், 1935-இல் அமெரிக்க அரசு அதைத் தடை செய்தது.

முதல் வாத்தாக கேன்வாஸ்பேக் இனத்து ஆண் வாத்தைச் செய்யுங்கள். இந்த விரிகுடாவின் பெருமையே அந்த வாத்துதான், அதோடு அதன் நிறங்கள் பெரிய பெரிய பட்டைகளாக இருப்பதால் இறகு இறகாக வரைய வேண்டியதில்லை. மல்லார்ட் இன வாத்தில் ஆரம்பித்தால் பெயின்டிலேயே சோர்ந்துவிடுவீர்கள்.

உடலுக்கு வெள்ளை சிடார் மரம், தலைக்கு பைன். உடல் கட்டை சுமார் 14 அங்குல நீளம், 7 அங்குல அகலம், 4 அங்குல உயரம் இருந்தால் போதும். ஒரே கட்டையாகக் கிடைக்காவிட்டால் இரண்டு பலகையை எப்பாக்ஸி பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம். அட்டையில் மேலிருந்து பார்க்கும் வடிவம் ஒன்று, பக்கவாட்டு வடிவம் ஒன்று வெட்டி, கட்டையில் வைத்துக் கோடு போட்டு, பேண்ட் ரம்பத்தில் அறுத்துக்கொள்ளுங்கள். பேண்ட் ரம்பம் இல்லாதவர்கள் கைக்கோடாரியால் மூலைகளைச் சீவி எடுக்கலாம், பழைய ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அப்புறம் மர அரம், கடைசியில் உப்புத்தாள். சிடார் தூசி மூச்சுக்கு ஆகாது, கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிற காலம் வேறு, மாஸ்க் போடாமல் அரத்தைத் தொடாதீர்கள்.

அடிப்பாகம் எப்படி இருக்க வேண்டும் என்பது அங்கே ஊருக்கு ஊர் மாறும். விரிகுடாவின் வடக்கு முனையில் ஆவர் டி கிரேஸ் ஊர் வாத்துக்கு அடி உருண்டை. அந்த ஊரில் ஈமச்சடங்கு நிலையம் நடத்திக்கொண்டே ஆயிரக்கணக்கில் டிகாய் செய்த மேடிசன் மிட்செல் கைவேலை அந்த மாதிரிதான். தெற்கே கிறிஸ்ஃபீல்டில் முடிவெட்டும் கடை வைத்திருந்த லெம், ஸ்டீவ் வார்ட் சகோதரர்கள் அகலமான உடலும் தட்டையான அடியுமாகச் செய்தார்கள். உருண்டை அடி அலையில் உயிர் வாத்து போலவே ஆடும், பார்க்க எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் முதல் தடவை செய்பவர் தட்டையாகவே வைத்துக்கொள்வது நல்லது, சமநிலை பிடிக்கச் சுலபம்.

இனி தலை. இங்கேதான் பொறுமை வேண்டும். மரத்தின் நார் அலகின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் அலகு நிச்சயம் உடையும். என் முதல் தலையில் நான் இதைக் கவனிக்கவில்லை, இரண்டு மாலை செதுக்கிய அலகு உப்புத்தாள் போடும்போது 'பட்' என்று கையோடு வந்துவிட்டது. கேன்வாஸ்பேக்கின் அடையாளமே நெற்றிக்கும் அலகுக்கும் நடுவில் பள்ளம் இல்லாமல் உச்சியிலிருந்து அலகு நுனிவரை ஒரே சரிவாக இறங்குவதுதான். நெற்றியைக் கொஞ்சம் புடைக்க விட்டாலும் ரெட்ஹெட் என்ற வேறு இன வாத்து மாதிரி ஆகிவிடும். அதனால் பக்கவாட்டுக் கோட்டை முதலில் முடித்துவிட்டு, பிறகு கன்னத்தை இரண்டு பக்கமும் சமமாக இழையுங்கள். அடிக்கடி தலையைத் திருப்பி முன்னாலிருந்து பாருங்கள், ஒரு கன்னம் எப்போதும் கனத்துத்தான் இருக்கும். பல வாத்து செய்வதாக இருந்தால் பெரும்பாலான தலைகளைத் தாழ்த்தி, கழுத்தை உள்ளிழுத்த மாதிரி வையுங்கள். கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் வாத்து பயந்த வாத்து, அப்படிப் பத்து இருந்தால் மேலே வருகிற கூட்டம் இறங்காது. தலையை உடலோடு சேர்க்க எப்பாக்ஸி, கூடவே அடியிலிருந்து ஒரு நீள ஸ்குரூ. ஆனால் உறைகிற குளிரில் எப்பாக்ஸி இறுகாது. ஒட்டியதும் வாத்தை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

பெயின்டுக்கு முன்னால் எடை. இதைப் பலர் கடைசியில் செய்து வருந்துகிறார்கள். உடலுக்கு பிரைமர் ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஈயப் பட்டையை ரப்பர் பேண்டால் அடியில் கட்டி மிதக்கவிடுங்கள். வால் பக்கம் தாழ்ந்தால் பட்டையை முன்னே தள்ளுங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். நேராக நிற்கும் இடம் கிடைத்ததும் பென்சிலால் குறித்து அங்கேயே திருகிவிடுங்கள். பிறகு வாத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரில் போடுங்கள், தானாக நிமிர வேண்டும். நிமிராவிட்டால் எடை போதவில்லை. விடிகாலை இருட்டில் படகிலிருந்து வீசும்போது ஒவ்வொன்றையும் நிமிர்த்த அங்கே கை இருக்காது. ஈயத்தை வீட்டிலேயே உருக்கி ஊற்றும் வேலை வேண்டாம், குளிருக்கு அடைத்த அறையில் அந்தப் புகை விஷம். வார்த்த பட்டையாகவே கடையில் கிடைக்கிறது.

பெயின்ட் மினுமினுக்கக் கூடாது. ஈரம் பட்டு வெயிலில் பளபளத்தால் வாத்து தூரத்திலேயே திரும்பிவிடும், அதனால் ஃப்ளாட் ஆயில் பெயின்ட் மட்டும். உடலுக்கு வெள்ளையில் ஒரு துளி சாம்பல் கலந்து அடியுங்கள், நெஞ்சும் வால் பக்கமும் கருப்பு, தலையும் கழுத்தும் செங்கல் நிறத்துக்கும் காவிக்கும் நடுவில், அலகு கருப்பு, கண் சிவப்பு. கருப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பிரஷ்ஷால் லேசாக இழுத்துவிட்டால் கோடு மங்கி இறகு போலத் தெரியும். பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள், முப்பது அடி தள்ளி நின்று பாருங்கள், வாத்து பார்க்கப்போவது அதைவிடத் தூரத்திலிருந்து.

ஆயில் பெயின்ட் குளிரில் மெதுவாகத்தான் காயும், ஒரு வாரமாவது தொடாமல் விடுங்கள். பிறகு நெஞ்சுக்குக் கீழே ஒரு வளையம் அடித்து நங்கூரக் கயிறு கட்டுங்கள், தண்ணீர் ஆழத்தைவிட ஒன்றரை மடங்கு நீளமாக. மீதிக் கயிற்றை உடலைச் சுற்றிச் சுருட்டி வைத்துவிட்டு அடுத்த கட்டையை எடுக்கலாம்.