நகைக்கடை கவுண்ட்டரில் ஊழியருக்குப் பழக்க வேண்டியவை

அட்சய திருதியை, தீபாவளிக் கூட்டத்தில் நகைக்கடைத் திருட்டு பெரும்பாலும் கவனத்தைத் திருப்பித்தான் நடக்கிறது. மூன்று நான்கு பேராக வருவார்கள். ஒருவர் "மேல்வரிசை மாடலைக் காட்டுங்க" என்பார். விற்பனையாளர் திரும்பும் நொடியில் இன்னொருவர் தட்டிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்துவிட்டு, அதேபோன்ற கவரிங்கை வைத்துவிடுவார். எண்ணிக்கை சரியாக இருப்பதால் உடனே தெரியாது.

அதனால் புது ஊழியருக்கு முதல் பாடம் இதுதான்: ஒரு தட்டு உள்ளே போன பிறகே அடுத்த தட்டு வெளியே வர வேண்டும். உள்ளே வைக்கும்போது எண்ணினால் மட்டும் போதாது, டேக்கையும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் எடை போட்டுவிடுங்கள்.

வாயால் சொன்னால் இது பதியாது. கடை திறக்கும் முன் ஒரு மூத்த ஊழியரை வாடிக்கையாளராக நடிக்கவைத்து, புதியவரை ஏமாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே கோட்டைவிட்டோம் என்று அவருக்கே புரியும். அவர் கோட்டைவிட்டால் எல்லார் முன்னாலும் திட்டாதீர்கள். அப்புறம் நிஜமாகவே சந்தேகம் வந்தாலும் சொல்லத் தயங்குவார்.

பக்கத்து கவுண்ட்டரை உதவிக்குக் கூப்பிட ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். "ஆறாம் நம்பர் பில் புக் எங்கே?" மாதிரி சாதாரணமாக இருந்தால் போதும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்: வெறும் சந்தேகத்தில் யாரையும் அறையில் பூட்டிவைக்கக் கூடாது. சட்டவிரோதமாக அடைத்துவைப்பது பாரதிய நியாய சம்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 127-ஆம் பிரிவின்படி குற்றம். மேலாளரிடம் சொல்லி, கேமரா பதிவைப் பார்த்துவிட்டு அவசர உதவி எண் 112-ஐ அழைக்கலாம்.