தோற்ற ஆட்டத்தை எழுதிப் பாருங்கள்: வேலைக்குப் போகிறவர்களுக்கான செஸ் பயிற்சி

காய்களை நகர்த்தத் தெரியும், தெருவிலும் அலுவலகத்திலும் பலரை ஜெயிக்கிறீர்கள், ஆனால் ஈரோட்டிலோ கோவையிலோ ஞாயிற்றுக்கிழமை நடக்கும் போட்டிக்குப் போனால் பத்து வயதுப் பிள்ளையிடம் தோற்றுத் திரும்புகிறீர்கள் என்றால், இந்த வழிகாட்டி உங்களுக்கானது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் நான், முப்பத்தைந்து வயதைக் கடந்த பிறகே போட்டிகளில் ஆடத் தொடங்கினேன். நாளொன்றுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாதவர் எதைச் செய்தால் முன்னேறலாம், எதைத் தள்ளி வைக்கலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் போட்டியில் எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்ல வேண்டும். எதிரே ஈரோட்டைச் சேர்ந்த ஒரு சிறுமி அமர்ந்திருந்தாள். இருபது நகர்த்தல்கள் வரை என் நிலைதான் மேலாக இருந்தது. பிறகு, காவலின்றி நின்ற ஒரு சிப்பாயை வெட்டுவதற்காக, கடைசி வரிசையைக் காத்து நின்ற யானையை அங்கிருந்து எடுத்தேன். அவளுடைய யானை நேராக இறங்கி வந்தது. என் ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்களும் நகராமல் நின்றதால் ஓடுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும், தொடக்க ஆட்டம் தெரியாததால்தான் தோற்றேன் என்று நானே முடிவு செய்துகொண்டு, அடுத்த ஆறு மாதங்களைத் தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்வதில் செலவழித்தேன். அடுத்த போட்டியிலும் ஏறத்தாழ அதே விதத்தில்தான் தோற்றேன். நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தை வேறிடத்தில் தடவிக்கொண்டிருந்தேன்.

செக்கிங் மேசையில் ஒரு துணியில் குறை தென்பட்டால், அதை ஒதுக்கி வைப்பதோடு எங்கள் வேலை முடிவதில்லை. குறை நிட்டிங்கில் வந்ததா, சாயத்தில் வந்ததா, தையலில் வந்ததா என்று எழுதி அந்தந்தப் பிரிவுக்கு அனுப்பினால்தான் மறுநாள் அதே குறை திரும்பி வராது. இதே முறையை ஆட்டத்துக்கும் கொண்டுவந்த பிறகுதான் என் ஆட்டம் மாறத் தொடங்கியது. ஆகவே, முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஆடிய அன்று இரவே, நினைவு மங்குவதற்கு முன், தோற்ற ஆட்டத்தை முழுமையாக அதில் எழுதுங்கள். நீண்ட நேர ஆட்டங்களில், நகர்த்தல்களைக் குறித்த தாளான ஸ்கோர் ஷீட் கையில் இருக்கும். ரேபிட் எனப்படும் குறுகிய நேர ஆட்டங்களில் நகர்த்தல்களைக் குறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். முதலில் பதினைந்து நகர்த்தல்களுக்கு மேல் நினைவுக்கு வராது. சில மாதங்களில் முழு ஆட்டமும் வந்துவிடும்.

நகர்த்தல்களை எழுதிய பிறகு, முக்கியமான மூன்று நான்கு இடங்களில், அந்த நேரத்தில் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதை ஓரத்தில் எழுதுங்கள். ‘குதிரையால் ஃபோர்க் செய்துவிடலாம் (ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்கிவிடலாம்) என்று நினைத்தேன், அவருடைய பிஷப்பை மறந்துவிட்டேன்’ என்பது போன்ற ஒரு வரி போதும். எங்கே தவறினோம் என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் இன்ஜினை, அதாவது ஆட்டத்தை அலசிச் சிறந்த நகர்த்தலைக் காட்டும் கணினி மென்பொருளைத் திறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இன்ஜின் சரியான நகர்த்தலைக் காட்டும். நீங்கள் ஏன் அதைப் பார்க்கவில்லை என்பதை அது ஒருநாளும் சொல்லாது. 2024இல் 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷ்கூட, தம் பயிற்சியின் தொடக்க ஆண்டுகளில் இன்ஜினின் துணையில்லாமல், தாமே யோசித்துக் கணக்கிடும் பழக்கத்தில்தான் வளர்க்கப்பட்டார்.

பிறகு தவறுக்கு ஒரு பெயர் கொடுங்கள். பார்க்கவே இல்லை, பார்த்தும் கணக்கில் பிழை, அந்த வகை நிலையே தெரியாது, நேரம் போதவில்லை. என் நோட்டில் இந்த நான்கைத் தவிர வேறு பெயர் தேவைப்பட்டதில்லை. இருபது ஆட்டங்கள் சேர்ந்ததும் எண்ணிப் பார்த்தபோது, பெரும்பாலானவை ‘பார்க்கவே இல்லை’ என்ற பெயரின் கீழ் வந்திருந்தன. தொடக்க ஆட்டம் தெரியாததால் தோற்றது ஒன்றே ஒன்றுதான். 1600 ரேட்டிங்குக்கு (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) கீழே ஆடுகிறவர்களில் பலருடைய நோட்டும் இப்படித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

‘பார்க்கவே இல்லை’ என்பதற்கு மருந்து அறிவு அன்று, பழக்கம். எதிராளி காயை வைத்ததும், உங்கள் திட்டத்தை ஒரு கணம் மறந்துவிட்டு, இந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது, எந்தக் கட்டத்தைக் காக்காமல் விட்டு வந்தது என்று கேளுங்கள். உங்கள் நகர்த்தலை முடிவு செய்தவுடன், கை நீட்டுவதற்கு முன், அதை ஆடிவிட்டதாக மனத்தில் வைத்துக்கொண்டு, எதிராளிக்கு இருக்கும் எல்லாச் செக்குகளையும், பிறகு எல்லா வெட்டுகளையும் வரிசையாகப் பாருங்கள். நகர்த்தலை முதலில் தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஆடுங்கள் என்று பழைய ஆசிரியர்கள் சொல்வதுண்டு. டிரா கோருவது போன்ற தருணங்களைத் தவிர முன்கூட்டி எழுதுவதை இன்றைய விதிகள் அனுமதிப்பதில்லை. அதற்குப் பதிலாகக் கைகளைத் தொடையின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும் என்ற விதி இருக்கும்வரை அது பயன் தரும்.

அடுத்தது புதிர்கள். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் புதிர்கள் முழுவதும் இலவசம்; நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். எத்தனை புதிர் போட்டோம் என்பதைவிட எத்தனையை முதல் முயற்சியில் சரியாகப் போட்டோம் என்பதே கணக்கு. விடையின் கடைசி நகர்த்தல் வரை மனத்தில் கண்ட பிறகே முதல் காயைத் தொடுங்கள். தவறவிட்ட புதிரை நோட்டில் படமாக வரைந்து வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள். அவிநாசியிலிருந்து கோவை செல்லும் பேருந்தில் நான் செய்வது இதைத்தான். அதே பேருந்தில் முன்பு மூன்று நிமிட பிளிட்ஸ் ஆடிக்கொண்டிருந்தேன். அது யோசிக்காமல் கையை நீட்டும் பழக்கத்தைத்தான் வளர்த்தது. இணையத்தில் ஆடுவதானால் 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 வினாடியும் தரும் ஆட்டங்களை ஆடுங்கள், நாளுக்கு ஒன்று போதும்.

இறுதி ஆட்டத்தைப் பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குகிறார்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டத்தில் நடந்ததை அவர்கள் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தபோதும், ஆட்டம் டிராவை நோக்கியே சென்றது. 55ஆவது நகர்த்தலில், எதிர்த்து ஆடிய டிங் லிரென் தம் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார் (வெள்ளையின் பக்கமிருந்து பார்க்க, கட்டங்களை இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்தாலும், கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்ணாலும் குறிப்பார்கள்). குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டார். டிங்கின் பிஷப் மூலையில் அகப்பட்டிருந்ததால், டி5 கட்டத்தில் தம் பிஷப்பை வைத்து அதையும் மாற்றிக்கொள்ளக் கட்டாயப்படுத்தினார். மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். அந்த நிலை குகேஷுக்கு வெற்றி. காய்களை மாற்றிக்கொள்ளலாமா வேண்டாமா என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவின் அடியிலும் இந்த ராஜா–சிப்பாய் அறிவு இருக்கிறது.

அதை ஒரே நிலையிலிருந்து தொடங்குங்கள். வெள்ளை ராஜா இ4, வெள்ளைச் சிப்பாய் இ3, கறுப்பு ராஜா இ6. கறுப்பு ஆட வேண்டுமானால் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளை ஆட வேண்டுமானால் டிரா. இப்போது சிப்பாயை இ2 கட்டத்துக்குப் பின்னே தள்ளி வையுங்கள். வெள்ளை ஆட வேண்டியிருந்தாலும், சிப்பாயை இ3க்கு நகர்த்தி முறையை எதிராளியின் தலையில் கட்டிவிடலாம், மறுபடி வெற்றி. வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி, பிழையில்லாமல் வரும்வரை ஆடுங்கள். அதன்பின் யானை இறுதி ஆட்டத்தில், ஒரு சிப்பாய் குறைவாக இருப்பவர் காத்துக்கொள்ளும் ஃபிலிடோர் நிலையைப் படியுங்கள். சிப்பாய் தம் ஆறாவது வரிசைக்கு ஏறும்வரை அந்த வரிசையை உங்கள் யானையால் அடைத்து வைத்திருப்பதும், அது ஏறியவுடன் யானையை நெடுந்தூரம் பின்னே கொண்டுபோய் ராஜாவுக்குச் செக் மேல் செக் கொடுப்பதும்தான் அதன் உயிர். இவ்விரண்டும் தெரிந்தால் தோற்கவேண்டிய ஆட்டங்களில் சிலவற்றை டிரா செய்துவிடலாம்.

தொடக்க ஆட்டத்துக்கு அதிகம் வேண்டாம். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் காய்கள் எங்கே போய் நிற்க வேண்டும், ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

போட்டிக்குப் போகத் தயங்காதீர்கள். ஈரோட்டைச் சேர்ந்த இனியன் 2019இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்; நம் பக்கத்துப் போட்டிக் கூடங்களுக்கு வரும் பிள்ளைகளிடம் அந்த நம்பிக்கை தெரிகிறது, அவர்களோடு ஆடுவது நமக்கும் நல்லது. சர்வதேச ரேட்டிங் பெற, ரேட்டிங் உள்ளவர்களுடன் குறைந்தது 5 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். கணக்கு 1400க்குக் குறைந்தால் பட்டியலில் பெயர் வராது. அதற்கு முன் மாநில, தேசியச் சங்கங்களில் பதிவை முடித்துவிடுங்கள். கைப்பேசியை அணைத்துவிட்டு, அரங்க விதிப்படி வெளியே ஒப்படைத்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே அது ஒலித்தால் ஆட்டத்தையே இழக்க நேரும். விதிக்குப் புறம்பான நகர்த்தலை எதிராளி செய்தால் சண்டை போடாமல் கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரை (நடுவரை) அழையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். அரங்குக்கு வெளியே எதிராளியை அழைத்து, “கண்ணு, எந்த எடத்துல எனக்குத் தப்பாச்சு?” என்று கேளுங்கள். அந்த ஈரோட்டுச் சிறுமியிடம் நான் கேட்டேன். யானையை எடுத்த நகர்த்தலை அவள் சொல்லவே இல்லை. அதற்கு ஆறு நகர்த்தல்களுக்கு முன்னால், எச் சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றி ராஜாவுக்கு வழி விட்டிருக்கலாமே என்றாள். என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த நிலையைத்தான் வரைந்து வைத்திருக்கிறேன்.