ரோஜாத் தண்டு பழுப்பாகிறதா? தண்ணீர் ஊற்றும் முன் நகத்தால் கீறிப் பாருங்கள்

நர்சரியில் வாங்கி வந்த ரோஜா இரண்டு வாரம் பூத்துத் தள்ளும். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒரு கிளை பழுப்பாக நிற்கும். ‘வெயில் தாங்கவில்லை போல’ என்று கூடுதலாக ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவோம். என் முதல் மூன்று செடிகளையும் நான் கொன்றது அப்படித்தான்.

படி 1: கீறிப் பார்ப்பது

பழுப்பான இடத்தில் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் தண்டுக்கு உயிர் இருக்கிறது. வயதான தண்டு கட்டையாகிப் பழுப்பு நிறமாவது இயல்புதான். துளசியின் அடித்தண்டும் செம்பருத்தியும் அப்படித்தான் முற்றுகின்றன. அதை வெட்ட வேண்டியதில்லை. உள்ளேயும் பழுப்பாக, காய்ந்து கிடந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. பச்சை எங்கே தொடங்குகிறது என்று கீழ்நோக்கிக் கீறிக்கொண்டே வாருங்கள்.

படி 2: எங்கிருந்து தொடங்கியது?

நுனியில் தொடங்கிக் கீழே இறங்கினால் நுனிக்கருகல் என்ற பூஞ்சை நோய். பூவை ஒடித்துப் பறிக்கும்போது நார் கிழிகிறதே, அந்தக் காயம் வழியாகத்தான் பூஞ்சை பெரும்பாலும் நுழைகிறது. மண்ணையொட்டிய அடித்தண்டு கருத்து மேலேறினால் கோளாறு வேரில். அதற்கு நேராகப் படி 5-க்குப் போய்விடலாம்.

படி 3: வெட்டுவது

கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, பழுப்பு முடியும் இடத்திலிருந்து ஓரிரு அங்குலம் கீழே, பச்சைப் பகுதியிலேயே வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. கணுவுக்கு மேல் நீளமாகக் குச்சி விட்டால் அது மறுபடியும் காயும். வெட்டு முகத்தையும் பாருங்கள். நடுச்சோறு, அதாவது தண்டின் நடுவிலுள்ள மென்பகுதி, வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்புப் புள்ளி தெரிந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு இன்னும் கீழே போங்கள். இங்கே இரக்கம் பார்த்தால் செடியே போய்விடும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியைத் துடையுங்கள். வெட்டிய குச்சியைத் தொட்டியிலேயே போட வேண்டாம்.

படி 4: வெட்டுவாய்க்குப் பசை

காயம் வழியாகப் பூஞ்சை நுழையாமல் தடுக்கும் போர்டோ பசையை வீட்டிலேயே செய்யலாம். 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட் எனும் தாமிர உப்பு) 50 மில்லி தண்ணீரில் கரையுங்கள். வேறொரு பாத்திரத்தில் 10 கிராம் சுண்ணாம்பை 50 மில்லியில் கரையுங்கள். பாத்திரம் பிளாஸ்டிக்கோ மண்ணோ ஆக இருக்கட்டும், உலோகம் கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் நனைத்துப் பாருங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்கவும். அன்றைக்கே தூரிகையால் பூசிவிட வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. மயில்துத்தம் நஞ்சு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கம் வைக்காதீர்கள்.

படி 5: வேரும் மண்ணும்

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகியது கருத்து, தொட்டால் தோல் உரிந்து, நாற்றமடிக்கும். அழுகியதை வெட்டிவிட்டு, செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, தேங்காய் நார்க்கழிவு 1, ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து மாற்றி நடுங்கள். தொட்டியின் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டுக்கட்டிய இடம் (வேர்ச்செடியோடு ரோஜாவை இணைத்த முடிச்சு) மண்ணுக்கு மேலே இருக்கட்டும்.

மண்புழு உரத்தோடு, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பது நல்லது. ஆனால் அதே சமயத்தில் தாமிர மருந்தை மண்ணில் ஊற்றிவிடாதீர்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது.

ஒரு வாரம் நிழலில் வையுங்கள். புதுத்தளிர் வரும்வரை உரம் வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் தண்ணீர்.

வரும் தளிர் ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா என்று கவனியுங்கள். கீழிருந்து சரசரவென்று கிளம்பினால் அது வேர்ச்செடியான காட்டு ரோஜா. பார்க்கச் செழிப்பாக இருக்கும், நீங்கள் வாங்கிய பூ அதில் வராது. அடியோடு கிள்ளி எடுத்துவிடுங்கள்.