ஊட்டிப் பசங்களுக்கு: ஸ்ட்ரென்த் கோச்சிங்கை வைத்துப் பேராசிரியர் ஆவது

ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் (விளையாட்டு வீரர்களின் வலுவையும் உடல்திறனையும் கூட்டும் பயிற்சி) பேராசிரியர் என்ற பெயரில் வேலை தேடினால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் கிடைப்பது அபூர்வம், உடற்கல்வி உதவிப் பேராசிரியர் என்றுதான் விளம்பரம் வரும். அதனால் வழியும் அதேதான்: ஒரு டிகிரி, 2 வருட பி.பி.எட். (உடற்கல்வி இளநிலை), 2 வருட எம்.பி.எட். (அதன் முதுநிலை), அதில் 55 சதவீதம், அப்புறம் நெட் (யுஜிசியின் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) அல்லது பிஎச்டி. படிக்கக் கீழே இறங்கத்தான் வேண்டும். கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி கல்லூரி, சென்னைப் பக்கம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். சி.எஸ்.சி.எஸ். என்ற அமெரிக்க ஸ்ட்ரென்த் கோச் சான்றிதழ் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அது கோச் வேலைக்கு, நெட்டுக்கு ஈடாகாது.

பிஎச்டி தலைப்பில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். "கல்லூரி கபடி வீரர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல்திறன் மாறிகளில் 12 வாரப் பிளையோமெட்ரிக் (துள்ளிக் குதிக்கும்) பயிற்சியின் விளைவு" என்று நூலகத்தில் ஏற்கெனவே தூங்குவதையே கபடியை வாலிபாலாக மாற்றி மறுபடி எழுதுவார்கள். நமக்கோ புதுத் தலைப்பு ஊரிலேயே இருக்கிறது: ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரத்துக்கும் ஏறத்தாழ அதே உயரம்தான். அங்கே காற்று லேசாக இருந்ததால் குறுகிய ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் பழைய சாதனைகள் முறிந்தன, நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மூச்சு வாங்கித் திணறினார்கள். ஐம்பது கிலோமீட்டர் இறங்கினால் மேட்டுப்பாளையம், முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். மேலே தங்கிக் கீழே பயிற்சி செய்யும் முறையை ஆராய அமெரிக்காக்காரன் மலை தேடிப் போகிறான், நமக்கு வாசலிலேயே இருக்கிறது.

லேப் இல்லையே என்று உட்கார வேண்டாம். குதிக்கும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட் பல லட்சம், சரி, ஆனால் குதித்த உயரத்தை அளக்க விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போன் இருந்தால் போதும்: கால் தரையை விட்ட ஃபிரேமிலிருந்து திரும்பத் தரையைத் தொட்ட ஃபிரேம் வரை எண்ணி நேரத்தைக் கணக்கிடுங்கள், அந்த நேரத்தை (விநாடியில்) அதே எண்ணால் பெருக்கி, பிறகு 9.81ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் குதித்த உயரம் மீட்டரில் வரும். அரை விநாடி பறந்தால் சுமார் 31 செ.மீ. காலை மடக்கிக்கொண்டு இறங்குபவன் கணக்கை ஏமாற்றுவான், அவனை மறுபடி குதிக்க வையுங்கள்.

நம் ஊரில் இன்னொரு வில்லங்கம் குளிர். ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி கிடக்கும் காலை ஆறரைக்கு முதல் அளவு எடுத்துவிட்டு ஏப்ரலில் இரண்டாவது அளவு எடுத்தால், தசை சூடாக இருப்பதாலேயே உயரம் கூடும், நீங்கள் பயிற்சியின் பலன் என்று எழுதிவிடுவீர்கள். ஆகவே பயிற்சி இல்லாத ஒரு குழுவும் வேண்டும், இரண்டு முறையும் ஒரே வார்ம்-அப், ஒரே நேரம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் அன்றைய வெப்பநிலையைக் குறியுங்கள். பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்கிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் முதல் குதிப்புக்கு முன்பே கையில் இருக்கட்டும், அப்புறமாக வாங்கி ஒட்ட முடியாது.