லாரி பின்பக்கக் கார்டுக்குப் பைப் வாங்கப் போகிறீர்களா? "ரெண்டு இஞ்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள்

சித்தப்பாவின் 407 லாரி, வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்ற ஊரின் பக்கத்து ஊர்களில் கத்திரிக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரே வருடத்தில் மூன்று முறை டெயில் லேம்ப் உடைந்தது. அப்புறம்தான் பின் விளக்குகளைச் சுற்றி ஒரு பைப் கார்டு (தடுப்பு) நாங்களே செய்து மாட்டினோம். வெல்டிங் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இது பைப் தேர்வு பற்றி மட்டும்.

முன்பக்கம் கார்டு வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், முன்பக்க க்ராஷ் கார்டு மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர் மேல் பட்டால் அந்த இரும்பு விட்டுக்கொடுக்காது, காயம் பெரிதாகும். பின்னால் வரும் கார் லாரிக்கு அடியில் புகாமல் தடுக்கக் கம்பெனியே ஒரு தடுப்பு வைத்திருக்கும். அதற்கு ஐ.எஸ். 14812 என்று தனித் தரமே இருக்கிறது. அதை வெட்டவோ கழற்றவோ கூடாது. நாம் செய்வது அதற்கு மேலே, விளக்குக்கு மட்டும். எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போகும் ஆபீஸில் படம் வரைந்து காட்டிக் கேட்ட பிறகுதான் நாங்கள் இரும்பு வாங்கினோம். நம்பர் பிளேட்டும், விளக்கும், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் மறையக் கூடாது.

1. பைப்பா, ட்யூபா

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் "ரெண்டு இஞ்ச்" என்று கேட்டேன். கொடுத்ததை வாங்கி வந்து, பைப் பெண்டர் இருக்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். முதல் வளைவிலேயே பைப் சப்பையாகி, உள்பக்கம் மடிப்பு விழுந்துவிட்டது. பெண்டர் மேல் சந்தேகம் வந்தது. வெர்னியர் (விட்டமும் கனமும் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால், பைப்பின் வெளி விட்டம் 50.8 மில்லிமீட்டர். பெண்டரின் அச்சோ 60.3 மில்லிமீட்டருக்கானது.

தண்ணீர்க் குழாய் வகையில் (ஐ.எஸ். 1239) "2 இஞ்ச்" என்பது உள்துளையை ஒட்டி வைத்த பெயர், வெளி விட்டம் 60.3. நாற்காலி, கேட் செய்யும் ட்யூபில் "2 இஞ்ச்" என்றால் வெளி விட்டமே 2 இஞ்ச், அதாவது 50.8. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. அச்சின் பள்ளம் பைப்பின் பக்கங்களை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால் வளைக்கும்போது சப்பையாகத்தான் செய்யும். போதாததற்கு நான் வாங்கியது 16 கேஜ், 1.6 மில்லிமீட்டர் கனம்தான். கேஜ் எண் ஏற ஏற கனம் குறையும்: 14 கேஜ் 2 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.2.

ஆகவே முதலில் பட்டறைக்குப் போய் எந்த அச்சு இருக்கிறது என்று பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள். கடையில் இஞ்ச் கணக்கு வேண்டாம், வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் கேளுங்கள். யூ போல்ட், கிளாம்ப் வாங்கும்போதும் இதே கதைதான்.

2. கனமா, பருமனா

சுவர் கனமாக இருந்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. கணக்கு வேறு மாதிரி வருகிறது. தண்ணீர்க் குழாய் வகையில் சுவர் கனத்தை வைத்து ஏ, பி, சி என்று மூன்று கிளாஸ், ஏ மெலிசு, சி கனம். ஒன்றரை இஞ்ச் சி கிளாஸ் (48.3 விட்டம், 4 மில்லி கனம்) மீட்டருக்குச் சுமார் 4.4 கிலோ. இரண்டு இஞ்ச் ஏ கிளாஸ் (60.3 விட்டம், 2.9 கனம்) சுமார் 4.1 கிலோ. எடை குறைந்த இந்த இரண்டாவதுதான் வளைவைத் தாங்குவதில் கால் பங்கு அதிக வலு. பருமன் அவ்வளவு பேசும். ஆனால் சுவர் மெலிந்தால் கல்தூணில் மோதிய இடத்தில் பள்ளம் விழும். நாங்கள் குறுக்குப் பைப்புக்கு இரண்டு இஞ்ச் பி கிளாஸும் (3.6 கனம்) விளக்கு வளையத்துக்கு ஒரு இஞ்ச் பைப்பும் எடுத்தோம். 20 அடி லெங்த் ஒவ்வொன்று போதுமானதாக இருந்தது.

சதுரப் பைப் வெட்டி ஒட்ட சுலபம். உருண்டைப் பைப்பில் முனையைப் பிறை மாதிரி வெட்டிப் பொருத்த வேண்டும், நேரம் பிடிக்கும். இருந்தாலும் எனக்கு உருண்டைதான் பிடிக்கும். மார்க்கெட் கூட்டத்தில் யாராவது இடித்துக்கொண்டால் சதுரத்தின் முனை கிழித்துவிடும்.

3. கடையிலேயே சோதனை

பைப் மேல் அடித்திருக்கும் பட்டையின் நிறம்: ஏ கிளாஸ் மஞ்சள், பி நீலம், சி சிவப்பு. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், எடை போடுங்கள். வெளி விட்டத்தில் கனத்தைக் கழித்து, வந்ததைக் கனத்தால் பெருக்கி, 0.02466ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 60.3இல் 3.6 போக 56.7. அதை 3.6ஆல் பெருக்கினால் 204. அதிலிருந்து 5.03 கிலோ. 6 மீட்டருக்கு 30 கிலோ. தராசு 25 காட்டினால் உங்கள் கையில் இருப்பது ஏ கிளாஸ்.

வெர்னியர் சாதாரண இரும்பு வெர்னியரே வாங்குங்கள். பிளாஸ்டிக் டிஜிட்டல் பட்டறைத் தூசிக்கு ஆகாது. வெட்டிய முனையின் பிசிறைத் தேய்த்துவிட்டு நான்கு இடத்தில் அளந்து பாருங்கள்.

4. வளைக்கும் முன்

குறுக்குப் பைப்பின் இரு முனைகளையும் முன்னோக்கி வளைத்துவிடுங்கள். நேராக விட்டால் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். லாரி பாடியின் அகலத்தைத் தாண்டவும் கூடாது.

பைப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நீளவாக்கில் ஒரு ஒட்டுக் கோடு தெரியும். சாக்பீஸால் வெளியே குறித்துக்கொண்டு, வளைக்கும்போது அது பக்கவாட்டில் இருக்கும்படி வையுங்கள். வளைவின் வெளிப்புறம் வந்தால் இழுபட்டுப் பிளக்கலாம். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைப்பதானால் மணலை நன்றாக வறுத்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் உள்ளே நீராவி கட்டி வெடிக்கும்.

சேஸிஸில் (லாரியின் அடிச்சட்டத்தில்) வெல்டிங் வைக்கவே வேண்டாம், புது ஓட்டையும் போட வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் போட்டு மாட்டுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர், வற்றிப்போன போர்வெல்லிலிருந்து எடுத்த பழைய பைப் கிடக்கிறது, ஆகுமா என்று கேட்டார்கள். நம் பக்கம் அது இல்லாத வீடு குறைவு. ஆகும், ஆனால் பார்த்துச் செய்ய வேண்டும். மரை வெட்டிய முனையை அறுத்துத் தள்ளுங்கள், அங்கே சுவர் மெலிந்திருக்கும். சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாகும் இடத்தில் உள்ளே துரு தின்றிருக்கலாம், அங்கே அறுத்துப் பாருங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) பைப்பாக இருந்தால் வெல்டிங் பிடிக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை கிரைண்டரால் முழுக்க எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் மாதிரி வரும்.

இன்னொன்று, மழைக்குப் பிறகு எங்களுக்கே தெரிந்தது. முனைகளைத் தகடு வைத்து அடைத்திருந்தோம். எங்கோ ஊசி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே சளசளத்தது. இப்போது குறுக்குப் பைப்பின் அடியில் இரண்டு பக்கமும் 6 மில்லி ஓட்டை போட்டிருக்கிறோம். அதை முனையை அடைப்பதற்கு முன்பே போட்டுவிட்டால், வெல்டிங் சூட்டில் உள்ளே விரியும் காற்றுக்கும் வழி கிடைக்கும்.